நான்காவது வரியில் மனு

அந்த நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்தது நான்தான். அதனால் இந்த விஷயத்தில் யாரையும் திட்ட எனக்கு வாய் கிடையாது. இருந்தாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் சாலையோர வணிகர் சங்கத்துக்கு நான் செயலாளர். பதவியைக் கேட்டுவிட்டுப் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தட்டச்சு, ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். சங்கத்துக் கடிதங்களை அடித்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தெருவே நெடுஞ்சாலையை ஒட்டிப் பிழைக்கும் தெரு. டயர் கடை, உதிரிபாகக் கடை, ஓட்டுநர்கள் சாப்பிடும் ஹோட்டல், எல்லாமே லாரிகளை நம்பித்தான். என் கடைக்கு நேர் எதிரே என் வீட்டுக்காரரின் பட்டைப் பட்டறை. லாரிச் சக்கரத்துக்கு மேலே சுமையைத் தாங்குவதற்கு அடுக்கடுக்காக வளைந்த இரும்புத் தகடுகள் இருக்குமே, அதைத்தான் பட்டை என்போம். ஒரு லாரி வேகத்தடையில் ஏறி இறங்கும் சத்தத்தைக் கேட்டே, "இடது பக்கம், மெயின் பட்டை போச்சு" என்பார். லாரி வந்து நின்றதும் பார்த்தால் அவர் சொன்னபடியேதான் இருக்கும். பொண்டாட்டி முகத்தைப் பார்த்து மனசில் என்ன இருக்கிறது என்று சொல்ல மட்டும் அவருக்கு வராது.

இந்தத் தெருவின் தலைக்கு மேலே இப்போது பாலம் வருகிறது. இருபது கிலோமீட்டர் நீளத்துக்கு உயர்த்திக் கட்டும் சாலை. லாரிகள் இனி எங்கள் கூரைக்கு மேலே போகும். இறங்கும் வழி எங்கள் ஊரில் இல்லை, ஊரைத் தாண்டிப் பதினாலு கிலோமீட்டர் தள்ளித்தான். பட்டை உடைந்த லாரி பதினாலு கிலோமீட்டர் நொண்டிக்கொண்டு போய், இறங்கி, பதினாலு கிலோமீட்டர் திரும்பி வருமா? வராது. தெரு முனையில் ஓர் இறங்கு சாலை விட்டால் போதும். சங்கம் கேட்டது அது ஒன்றைத்தான். அதை மனுவாக எழுதித் தலைநகரில் அமைச்சரிடம் கொடுப்பது என்று முடிவானது.

எங்கள் வீட்டில் அந்த இறங்கு சாலைக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. அவருடைய அண்ணன் கடல் தாண்டி ஒரு பெரிய லாரிக் கம்பெனியில் இருக்கிறார். அங்கே பட்டை வேலை தெரிந்த ஓர் ஆள் தேவை. மூன்று வருட ஒப்பந்தம், நடுவில் ஊர்ப்பக்கம் வர முடியாது. "புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லுடா. அதுக்கு மேல இடத்தைப் பிடிச்சு வைக்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டார்.

"இறங்கு சாலை கெடைச்சா இங்கயே இருக்கேன். கெடைக்கலைன்னா போறேன். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அமைச்சரைப் பாக்கறது புதன்கிழமை காலைல. பாத்துட்டு உடனே போன் பண்றேன். அது வரைக்கும் உங்க அண்ணனுக்கு எந்தப் பதிலும் சொல்லாதீங்க."

"சரி."

"சத்தியமா?"

"ஏண்டி, நான் என்ன இப்பவேவா ஓடிப்போறேன்?"

அவர் போகக் கூடாது. அதை நான் அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். மகளுக்குப் பதின்மூன்று வயது. அவர் திரும்பி வரும்போது பதினாறு. அதெல்லாம்கூட இருக்கட்டும். எதிர்ப் பட்டறையிலிருந்து சுத்தியல் சத்தம் வராத நாளில் எனக்குத் தட்டச்சு விரல் ஓடாது. அந்த மனுவில் நாற்பத்திரண்டு பக்கமும் ஊருக்காக அடித்தேன் என்று சொன்னால் பொய். எனக்காக அடித்தேன்.

தலைநகருக்கு நாலு பேர் கிளம்பினோம். தலைவர், டயர் கடைக்காரர். பெரிய மனிதர் யார் முன்னால் நின்றாலும் அவருக்குத் தலை தானாக ஆடும். ஹோட்டல்காரர், ரயிலில் ஒவ்வொரு சாப்பாட்டையும் முகர்ந்து பார்த்துக் குறை சொன்னார். அப்புறம் உதிரிபாகக் கடைக்காரர். அவரை நாங்கள் 'புள்ளிவிவரம்' என்று கூப்பிடுவோம். ஏழு நாள் சாலை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எத்தனை லாரி போகிறது, அதில் எத்தனை எங்கள் தெருவுக்குள் திரும்புகிறது என்று கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணியவர். நாலாவது நான். தப்பும் தவறும் இல்லாமல் பேச ஓர் ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்தார்கள். பேசவிட்டார்களா என்பது வேறு கதை.

எங்கள் சங்கத்துக்கு ஒரு முறை உண்டு. எந்த அதிகாரியைப் பார்க்கப் போனாலும் முதலில் அறிமுகம், இரண்டாவது பூங்கொத்து, மூன்றாவது போட்டோ, நாலாவதுதான் மனு. எடுத்த எடுப்பில் கோரிக்கையை நீட்டினால் மரியாதைக் குறைவாம். "வெறுங்கையோட போய் வாயைத் தொறக்கக் கூடாது" என்பார் தலைவர். மின்சார என்ஜினியர், நகராட்சி ஆணையர், காவல் ஆய்வாளர் எல்லோரிடமும் இதே வரிசைதான். அவர்களும் பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பிறகு சாவகாசமாகக் கேட்பார்கள். அரைமணி நேரம் ஆகும், காரியமும் ஒருவாறு நடக்கும். பூங்கொத்தில் செருகும் அட்டையை நான்தான் அச்சடிப்பேன். சுற்றிலும் பூ வேலை, நடுவில் 'நன்றியுடன்', கீழே சங்கத்தின் பெயர். கணினியில் எப்போதும் தயாராக இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். அமைச்சருக்கும் அதே பொத்தானைத்தான் அழுத்தினேன்.

நன்றி எதற்கு, இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அதற்காவது உடம்பில் பலம் இருக்கிறது.

புதன்கிழமை காலை அமைச்சகத்தின் வாசலில் கைபேசிகளை வாங்கிப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு டோக்கன் கொடுத்தார்கள். பூங்கொத்து எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போய் ஒரு பக்கம் சப்பையாகி வந்தது. ஹோட்டல்காரர் பதறிப்போய், நசுங்கிய பக்கத்தை உள்ளே திருப்பி, காம்புகளில் சுற்றிய ஈரக் காகிதத்தை இறுக்கிக்கொண்டே மூன்று மாடி ஏறினார். மனு என் கையில் இருந்தது. ஸ்பைரல் பைண்டிங், மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் அட்டை. உள்ளே வரைபடத்தில் எங்கள் தெரு முனையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தேன்.

காத்திருக்கும் அறையில் எங்களைப் போல எட்டுக் குழுக்கள் இருந்தன. யாரிடமும் பூங்கொத்து இல்லை. எல்லோர் மடியிலும் காகிதம். எங்களைப் பார்த்து ஒருவர், "யாருக்காவது பொறந்த நாளா?" என்று கேட்டார். "அண்ணே, இன்னிக்கு மட்டும் மனுவை முதல்ல குடுத்துடலாமா?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"செயலாளரம்மா, முறைன்னு ஒண்ணு இருக்கு. நீங்க அடிச்ச நிரலையே நீங்க மாத்தறதா?"

வாயை மூடிக்கொண்டேன். மூடியிருக்கக் கூடாது.

எங்களைக் கூப்பிடும்போது உதவியாளர், "ஆறு நிமிஷம்" என்று சொன்னார். ஊரில் நாங்கள் செருப்பைக் கழற்றவே ஆறு நிமிஷம் ஆகும்.

அமைச்சர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எழுந்து நின்றே வரவேற்றார். தலைவர் அறிமுகத்தைத் தொடங்கினார். தன் பெயர், தன் கடை, தன் அப்பா எந்த வருடம் அந்தக் கடையைத் தொடங்கினார், பிறகு ஹோட்டல்காரர், பிறகு புள்ளிவிவரம், கடைசியில் நான். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிஷம் போயிருந்தது. ஹோட்டல்காரர் பூங்கொத்தை நீட்டினார். அமைச்சர் அட்டையை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"நன்றியுடன்... சாலையோர வணிகர் சங்கம். அடடா! இந்த அறைக்கு வர்றவங்க எல்லாரும் குறை சொல்லத்தான் வருவாங்க. பாலத்துக்கு நன்றி சொல்ல வந்தது நீங்க மட்டும்தான்."

நான் தலைவரைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தலை ஆடியது. "ஆமாங்கய்யா" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் வந்துவிட்டார். அமைச்சகத்து ஆள், பெரிய காமிரா. எங்களை நிறுத்தி, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் நெருக்கி, பூங்கொத்தை நடுவில் வைத்தார். "எல்லாரும் சிரிங்க. அம்மா, நீங்களும்." சிரித்தேன். போட்டோ முடிந்தால் அடுத்தது மனுதான் என்ற நினைப்பில் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன்.

அது முடிந்ததும், "ஐயா, எங்க ஊர்ல எறங்கு சாலை..." என்று ஆரம்பித்தேன். பக்கத்துக் கதவு திறந்தது. யாரோ வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லிக்கொண்டே அமைச்சர் அந்தக் கதவு வழியாகப் போய்விட்டார். நீட்டிய மனு நீட்டியபடியே என் கையில் இருந்தது. உதவியாளர் அதை வாங்கக்கூட இல்லை. "தரைத்தளத்துல தபால் பிரிவு இருக்கு. அங்க குடுத்து ரசீது வாங்கிக்குங்க" என்றார்.

தபால் பிரிவில் வரிசை, பிறகு சாப்பாட்டு இடைவேளை, பிறகு மறுபடி வரிசை. இரண்டரை மணி நேரம். புள்ளிவிவரம் வரிசையில் நின்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு வேறு என்ன தெரியும்? கவுண்டரில் என் வயதுப் பெண் ஒருத்தி. மனுவைப் புரட்டினாள். சிவப்பு வட்டத்தைப் பார்த்தாள்.

"இந்தப் பாலமா? வரைபடத்துல வர்ற வெள்ளிக்கிழமை கடைசிக் கையெழுத்துன்னு பேசிக்கிறாங்க."

"அப்ப இதை இன்னிக்கே உள்ள அனுப்பிடுங்கம்மா."

"பதிவு போட்டு, பிரிவு மாத்தி, அங்க போய்ச் சேர மூணு வாரம் ஆகும்."

"நாங்களே எடுத்துட்டுப் போய்க் குடுத்துடறோம். எந்த அறைன்னு மட்டும் சொல்லுங்க."

"உள்ள விட மாட்டாங்க."

"உங்களால ஒண்ணும் பண்ண முடியாதா?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். "நான் முத்திரை குத்தறவம்மா" என்றாள். "அவ்வளவுதான் என் வேலை." நாற்பத்திரண்டு பக்கத்தின் மேல் ஒரு முத்திரை குத்தி, பின்னால் இருந்த அடுக்கின் மேல் வைத்தாள். ரசீதைக் கொடுத்தாள். நானும் காகிதத்தோடு வாழ்கிறவள்தான். ஓர் அடுக்கைப் பார்த்தால் அது நகரும் அடுக்கா, நகராத அடுக்கா என்று எனக்குத் தெரியும்.

வாசலுக்கு வந்து டோக்கனைக் கொடுத்துக் கைபேசியை வாங்கினேன். பதினோரு தவறிய அழைப்புகள், எல்லாம் அவருடையவை. எதையும் பார்க்காமல் முதலில் அவரைக் கூப்பிட்டேன்.

"கலக்கிட்டியேடி!" பட்டறைச் சத்தத்துக்கு மேலே கத்தினார். "தெருவே கொண்டாடிட்டு இருக்கு. ஹோட்டல்ல எல்லாருக்கும் டீ."

"என்ன சொல்றீங்க?"

"போட்டோ வந்துடுச்சுல்ல! அமைச்சகத்துக்காரங்களே நெட்டுல போட்டிருக்காங்க. 'பாலத்துக்கு நன்றி தெரிவித்த வணிகர்கள்'னு. நன்றி சொல்றீங்கன்னா கெடைச்சிருச்சுன்னுதானே அர்த்தம்? அதுலயும் உன் மூஞ்சி இருக்கே! கல்யாணத்தன்னிக்குக்கூட நீ அப்படிச் சிரிக்கல."

"உங்க அண்ணன்கிட்ட எதுவும் சொல்லலையே?" என்றேன்.

"அப்பவே சொல்லிட்டேன், வரலைன்னு. அவனுக்கும் சந்தோஷம்தான்."

"நான் போன் பண்ற வரைக்கும் சொல்லாதீங்கன்னேனே!"

"பதினோரு தடவை கூப்பிட்டேன், எடுத்தியா? சாயங்காலம் வரைக்கும்தான் கெடு. போட்டோவே வந்தாச்சு, இன்னும் எதுக்குக் காத்திருக்கணும்?"

"என்னங்க... மறுபடியும் அவருக்குப் போன் போடுங்க. இப்பவே."

"எதுக்கு?"

"போட்டோதான் எடுத்தாங்க. வேற ஒண்ணும் நடக்கல."

சுத்தியல் சத்தம் நின்றது. யாரையோ நிறுத்தச் சொல்லியிருப்பார். பிறகு போனை வைத்துவிட்டார்.

இருபது நிமிஷம் நடைபாதையில் நின்றேன். பக்கத்தில் தலைவரின் கைபேசி ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு அழைப்புக்கும், "ஆமா... ஆமா... வந்து பேசிக்கலாம்" என்றார். அதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிந்தது. பிறகு என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"வேற ஆளோட பேரை அனுப்பிட்டானாம். கம்பெனியில பதிஞ்சாச்சாம். நான்தானே வேண்டாம்னு சொன்னேன், அவனைக் குத்தம் சொல்ல முடியாது."

"என்னாலதான்."

"சரி, விடு. வா" என்றார்.

அவர் போகக் கூடாது என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது கிடைத்துவிட்டது. அவர் இங்கேயே இருப்பார். பாலத்துக்குக் கீழே, லாரி வராத பட்டறையில், என் கண் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். இப்படிக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நானே அவருக்குப் பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேன்.

ரயிலில் தலைவரோடு சண்டை போட்டேன். "ஊருக்கு உண்மையைச் சொல்லுங்க" என்றேன். "போன்ல சொல்ற விஷயமா அது? நேர்ல போய்ப் பக்குவமா சொல்லிக்கறேன்" என்றார். சங்கத்துக் கைபேசிக் குழுவில் நானே எழுதலாம் என்று இரண்டு தடவை அடித்தேன், இரண்டு தடவையும் அழித்தேன். என்ன எழுதுவது? நன்றி அட்டை அடித்தவள் நான். நிரல் அடித்தவளும் நான். ஹோட்டல்காரர் சாப்பாட்டைக் குறை சொல்லவே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கே கையெழுத்துப் போடும் அதே வெள்ளிக்கிழமை. நடைமேடை முழுக்க எங்கள் தெருதான். கைதட்டல், விசில். நாலு பேருக்கும் நாலு பூங்கொத்து. என் கையில் திணித்ததைப் பார்த்தேன். அட்டை செருகியிருந்தது. சுற்றிலும் பூ வேலை, நடுவில் 'நன்றியுடன்'. என் கடையில், என் கணினியில், என் மகள் பொத்தானை அழுத்தி எடுத்தது. முன்வரிசையில் அவள் குதித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவள் அப்பா சொல்லியிருக்கவில்லை. யாரிடமுமே சொல்லியிருக்கவில்லை. என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இரண்டு நாளாக அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

"இதைக் கொஞ்சம் கேளுங்க" என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தலைவர் கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் தலை ஆட ஆரம்பித்துவிட்டது.

"பேசறது எல்லாம் அப்புறம். மொதல்ல ஒரு போட்டோ!" யாரோ எங்களை இழுத்து வரிசையாக நிறுத்தினார்கள். எங்கள் தெரு ஸ்டூடியோக்காரர் காமிராவோடு எதிரே வந்து மண்டியிட்டார்.

"அக்கா, என்ன இது? அன்னிக்கு அமைச்சர் பக்கத்துல எப்படி இருந்தீங்க! கொஞ்சம் சிரிங்கக்கா."

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கையெல்லாம் கிரீஸ். என் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அவ சிரிச்சது போதும்பா. விட்டுடு" என்றார்.

கூட்டம் அதையும் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு பலமாகக் கைதட்டியது.